ட்ரிப்பர் விழுந்த இரவு: கிறிஸ்துமஸ் தெரு அலங்காரத்தில் ஒரு மின்கசிவு (நிகழ்வு ஆய்வு)

2023 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு கிராமத்தில், தெருக் குடிலின் (இயேசு பிறந்த தொழுவத்தின் மாதிரி) இரும்புக் குழாயைத் தொட்ட ஒன்பது வயதுப் பையனுக்கு ஷாக் அடித்தது. பிழைத்துக்கொண்டான். அதற்கு இரண்டு நாள் முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. அதைப் பழுது என்று நினைத்து எல்லாரும் ஒதுக்கிவிட்டார்கள். நான் அந்தப் பகுதியில் 22 வருடமாக ஒயரிங் வேலை பார்ப்பவன். ஷாக் அடித்த அன்று மாலை என்னைத்தான் கூப்பிட்டார்கள். தெருக்காரர்களின் சம்மதத்தோடு, யார் பெயரும் இல்லாமல், நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். கார்த்திகை, பொங்கல், கோயில் கொடை, பங்குத் திருவிழா என்று எதற்குச் சீரியல் லைட் கட்டுபவர்களுக்கும் இது உதவும்.

பின்னணி

எங்கள் பக்கத்தில் டிசம்பர் பிறந்தால் தெருவுக்குத் தெரு ஸ்டார் தொங்கும். குடில் போட்டி நடக்கும். ஒரு தெருவின் குடிலில் ஓடை ஓடினால் அடுத்த தெருவில் அருவி விழ வேண்டும். பையன்கள் ராப்பகலாக உழைப்பார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. நானும் அந்த வயதில் அதைச் செய்தவன்தான்.

சிக்கல் என்னவென்றால் டிசம்பர் எங்களுக்கு மழைக்காலம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இருக்கும். கடையில் விற்கும் சீரியல் செட்டுகளில் பெரும்பாலானவை வீட்டுக்குள் கட்டுவதற்காகச் செய்தவை. மழையில் தொங்கவிடுவதற்கு அவை ஏற்றவை அல்ல.

அந்தத் தெருவில் 34 வீடுகள். நீளம் சுமார் 180 மீட்டர். தெருமுனையில் குடில். அதற்கு இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, மேலே தகரம் போட்டு, உள்ளே மண்ணும் வைக்கோலும் பரப்பியிருந்தார்கள். ஓடைக்கு மீன்தொட்டியில் போடும் சின்ன மோட்டார் ஒன்று. வெளிச்சத்துக்கு மூன்று ஃபோகஸ் லைட். தெரு நெடுக 62 சீரியல் செட், வீட்டுக்கு ஒன்றாக ஸ்டார்.

எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் சுமார் 850 வாட், நான்கு ஆம்பியருக்குள். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. பிற்பாடு தெருவில் பாதிப் பேர் "லோடு கூடிப்போச்சு, அதுதான் ஷாக் அடித்தது" என்றார்கள். ஓர் இஸ்திரிப் பெட்டி இழுக்கும் கரன்டுதான் மொத்தத் தெருவுக்கும் ஓடியது. லோடு காரணமே இல்லை.

கட்டிய விதம்

டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து வந்து கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல வெயில். தெருவின் குறுக்கே வீட்டுக்கு வீடு ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) இழுத்து, அதில் சீரியல் செட்டைச் சுற்றி, ஒரு முழத்துக்கு ஒரு முறுக்காகக் கட்டுக்கம்பி போட்டிருந்தார்கள். கம்பியின் முனைகளை மாடிக் கைப்பிடியிலும், கேட்டுக்கு மேலே இருந்த இரும்பு வளைவிலும் கட்டினார்கள். ஒரு இடத்தில் மட்டும் கட்ட வசதியில்லாமல் மின்கம்பத்திலேயே கட்டிவிட்டார்கள்.

சப்ளை எடுத்தது தெருவின் நடுவில் இருந்த ஒரு புது வீட்டிலிருந்து. இதை முதல் வீடு என்று சொல்கிறேன். 2019இல் கட்டியது, மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இருக்கிறது, கரன்ட் மண்ணுக்குக் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சாதனம். ஊரில் அதை ட்ரிப்பர் என்றுதான் சொல்வோம். அங்கிருந்து இரண்டு இழை ட்வின் ஒயர், அதில் ஏழு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பாக்ஸ்களைத் தரையில் செங்கல் மேல் வைத்து, பாலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டியிருந்தார்கள்.

இரண்டு இழை ஒயர் என்றால் எர்த் கிடையாது. ஃபோகஸ் லைட்டுகளின் உடம்பு இரும்பு. அவற்றிலிருந்து வந்த பச்சை எர்த் ஒயரை, இரண்டு முள் பிளக்கில் சேர்க்க வழியில்லாததால் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டார்கள். அந்த மூன்று துண்டுகளும் பிறகு குடில் மண்ணில் கிடந்தன. நான்தான் பொறுக்கினேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 12ஆம் தேதி நான் அந்தத் தெரு வழியாக பைக்கில் போனேன். ஜி.ஐ. கம்பியில் கட்டுக்கம்பி முறுக்கியிருந்ததைப் பார்த்தேன். வேலை அவசரம். நிற்காமல் போய்விட்டேன்.

மழையும் முதல் எச்சரிக்கையும்

டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவில் கொட்டியது. எங்கள் பக்கம் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் ஓடைகள் நிரம்பி வழிந்தன. மழை விடும்வரை லைட் போடவில்லை.

18ஆம் தேதி இரவு மழை விட்டதும் போட்டார்கள். போட்ட நிமிடமே முதல் வீட்டு ட்ரிப்பர் விழுந்தது. தூக்கிவிட்டார்கள், மறுபடியும் விழுந்தது. நாலைந்து தடவை இப்படி. வீடு முழுக்க இருட்டாகிவிட, உள்ளே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை சத்தம் போட, வீட்டுக்காரர் "எங்க வீட்டு ட்ரிப்பர் வீக்கா இருக்கு போல, வேற வீட்டுல போடுங்கப்பா" என்று சொல்லியிருக்கிறார். சப்ளையை எதிர்ச்சாரியில் இருந்த பழைய ஓட்டு வீட்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஆர்.சி.சி.பி கிடையாது, பீங்கான் ஃப்யூஸ் கட்டை மட்டும். அதிலும் ஃப்யூஸ் ஒயருக்குப் பதிலாக மூன்று இழை செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டிருந்தது.

லைட் எரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

முழு நிகழ்விலும் ஆபத்தான முடிவு இதுதான். தப்பாகக் கட்டியதெல்லாம் அதுவரை முதல் வீட்டு ஆர்.சி.சி.பியின் காவலில் இருந்தது. இந்த மாற்றத்தோடு அந்தக் காவல் போய்விட்டது. அந்த இரவு அவர்கள் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. ட்ரிப்பர் விழுந்தால் ட்ரிப்பரில்தான் கோளாறு என்று நம்பினார்கள். எலக்ட்ரீஷியன்களிலேயே அப்படி நம்புகிறவர்களை எனக்குத் தெரியும்.

கேட்டில் கரன்ட்

19ஆம் தேதி சாயங்காலம். ஏழாவது வீட்டில் இருக்கும் பாட்டி, வயது எழுபதுக்கு மேல், ஜெபமாலை முடிந்து வந்து கேட்டைத் திறந்திருக்கிறார். கையில் "சுர்"ரென்று ஏறியிருக்கிறது. எதிரே நின்ற பையன்களிடம் "மக்கா, கேட்டுல கரண்டு அடிக்குதுடே" என்று சொல்லியிருக்கிறார்.

பையன்கள் டெஸ்டர் வைத்துப் பார்த்தார்கள். லேசாக எரிந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அந்தச் சரத்தின் சுவிட்சை அணைத்தார்கள். சரம் அணைந்தது. டெஸ்டர் இன்னும் எரிந்தது. "லைட்டே அணைஞ்சிருக்கு, அப்புறம் எப்படி கரன்ட் வரும்? மழை ஈரம் பாட்டி, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று முடித்துவிட்டார்கள்.

சுவிட்சை அணைத்தும் கேட்டில் கரன்ட் இருந்ததற்குக் காரணம் எளியது. இரண்டு முள் பிளக்கை எந்தப் பக்கமும் திருப்பிச் செருகலாம். அந்தப் பழைய வீட்டில் பிளக்கைத் திருப்பிச் செருகியதில் ஃபேஸும் (கரன்ட் வரும் ஒயர்) நியூட்ரலும் (அது திரும்பும் ஒயர்) இடம் மாறிவிட்டன. பாக்ஸில் இருந்த சுவிட்ச் நியூட்ரலைத் துண்டித்தது, ஃபேஸ் சரம் முழுக்க அப்படியே நின்றது. விளக்கு அணைந்திருப்பது கரன்ட் இல்லை என்பதற்கு அடையாளம் ஆகாது. பிளக்கைக் கழற்றினால் மட்டுமே நம்பலாம்.

அன்று பாட்டி ரப்பர் செருப்புப் போட்டிருந்தார்.

டிசம்பர் 20, மாலை

ஆறரை மணி. குடிலுக்குள் ஆட்டுக்குட்டி பொம்மை ஒன்று சாய்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி வைக்கப் போன பையன், வலது கையால் முன்பக்கக் குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டினான். வெறுங்கால். கீழே ஈர மணலில் ஒரு சாக்கு விரித்திருந்தது.

அவன் கத்தவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். கை விடவில்லை, உடம்பு விறைத்து நின்றது, அவ்வளவுதான். இரண்டடி தள்ளி நின்ற அவனுடைய மாமா முதலில் அவன் விளையாடுகிறான் என்று நினைத்திருக்கிறார். முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அதன் காலால் பையனின் தோளை ஓங்கித் தள்ளினார். கை விட்டது, பையன் பின்னால் விழுந்தான். மூன்று, நான்கு விநாடி இருக்கலாம்.

வெறுங்கையால் இழுத்திருந்தால் மாமாவும் மாட்டியிருப்பார். அவர் கடலில் போகிறவர், மின்சாரம் படித்தவர் இல்லை. அந்த நேரத்தில் அவருக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "தெரியல, கை அங்க போச்சு" என்றார்.

பையன் மூச்சு விட்டான், பேசினான், அழுதான். இரண்டு விரலில் வெள்ளையாகச் சின்னத் தீக்காயம். நன்றாகத்தான் இருக்கிறான், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பேச்சுதான் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். கரன்ட் கை வழியாக ஏறிக் கால் வழியாக இறங்கியிருக்கிறது, நடுவில் இதயம் இருக்கிறது. வெளியே காயம் சின்னதாக இருந்தாலும் இதயத் துடிப்பின் ஒழுங்கை ஈ.சி.ஜி எடுத்துத்தான் பார்க்க முடியும். அரசு மருத்துவமனையில் ஈ.சி.ஜி எடுத்து, ஓர் இரவு வைத்திருந்து, காலையில் மறுபடி பார்த்து அனுப்பினார்கள்.

பார்த்ததும் அளந்ததும்

முதலில் பழைய வீட்டு ஃப்யூஸ் கட்டைகளைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் ஆர்வத்தில் போட்டுவிடக் கூடாது. பிறகு அளப்பதற்காக மட்டும், தெருவில் கயிறு கட்டி ஆட்களை விலக்கிவிட்டு, இரண்டு முறை சப்ளை கொடுத்தேன்.

பாட்டி வீட்டுக் கேட்டுக்கும் ஈர மண்ணில் அடித்த இரும்புக் கம்பிக்கும் நடுவில் மல்டிமீட்டர் 118 வோல்ட் காட்டியது. மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. அது மிகக் குறைந்த கரன்டை எடுப்பதால், ஒன்றுமில்லாத இடத்திலும் பேய் வோல்டேஜ் காட்டும். அதனால் மீட்டரோடு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்து வைத்தேன். பொய் வோல்டேஜ் என்றால் அது சரிந்து பூஜ்யத்துக்குப் பக்கம் வந்திருக்க வேண்டும். 104இல் நின்றது. கணக்குப் போட்டால், நனைந்த உடம்பை 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், வெறுங்காலோடு அந்தக் கேட்டைப் பிடிப்பவர் உடம்பில் 50 மில்லி ஆம்பியர் அளவுக்கு ஓடும். பெரியவர்களுக்கே 10 மில்லி ஆம்பியரை ஒட்டிப் பிடித்த பிடியை விட முடியாமல் போகும். 30ஐத் தாண்டிச் சில விநாடி நீடித்தால் இதயம் தடுமாறக்கூடும். பாட்டியைக் காப்பாற்றியது அந்த ரப்பர் செருப்புதான்.

காரணத்தைத் தேடி ஏணி வைத்து ஏறினேன். கேட்டு வளைவுக்குப் பக்கத்தில் நான்காவது கட்டுக்கம்பி முறுக்கு. சீரியல் ஒயரின் பிளாஸ்டிக் அங்கே தாள் போல மெலிந்திருந்தது. காற்றில் பத்து நாள் ஆடி ஆடி, கம்பி அதை நூல் அறுப்பதுபோல் அறுத்திருக்கிறது. விரலால் பிரித்தால் செம்பு இழை ஒன்று ஜி.ஐ. கம்பியோடு உரசிக்கொண்டு பச்சை பூத்திருந்தது. காய்ந்த நாளில் கேட்டுத் தூண் பெரிதாகக் கடத்தாது. மழையில் எல்லாம் ஒன்றாகிவிட்டது.

இங்கே பையன்களில் ஒருவன் கேட்ட கேள்வி நியாயமானது. "அண்ணா, இது எல்.இ.டி தானே, ஒரு பல்புக்கு மூணு வோல்ட்தானே வேணும்?" ஒரு பல்புக்கு மூன்று வோல்ட் என்பது சரி. ஆனால் இந்த மலிவு செட்டுகளில் அடாப்டர் எதுவும் இல்லை. பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, கோத்த சரத்தை நேராக 230 வோல்ட்டில் மாட்டுகிறார்கள். ஒரு பல்பின் இரு பக்கத்துக்கும் இடையில்தான் மூன்று வோல்ட். அதே இடத்துக்கும் மண்ணுக்கும் இடையில் அளந்தால் 230 வரைக்கும் இருக்கலாம். நாம் நிற்பது மண்ணில். இந்த மூன்று வோல்ட் நம்பிக்கையைப் படித்த பிள்ளைகளிடமும் பார்க்கிறேன், அதனால்தான் விளக்கமாக எழுதுகிறேன்.

குடிலில் நிலைமை இன்னும் மோசம். இடது ஃபோகஸ் லைட்டைக் கழற்றிச் சாய்த்தபோது உள்ளேயிருந்து ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றியது. பின்பக்க ரப்பர் வளையம் மடிந்து கிடந்தது. உள்ளே ஃபேஸ் ஒயரின் முனை தண்ணீரில் மூழ்கி, உடம்பு முழுக்கக் கரன்ட். லைட்டைக் குழாய்ச் சட்டத்தில் போல்ட்டு போட்டு முடுக்கியிருந்தார்கள். சட்டம் செங்கல் மேல் நின்றதால் கசிவு மண்ணுக்கு இறங்க வழியில்லை. சட்டம் 210 வோல்ட்டில் காத்திருந்தது. மெக்கரை (கசிவு இருக்கிறதா என்று காப்பு எதிர்ப்பை அளக்கும் கருவி) மாட்டிச் சுற்றியபோது முள் பூஜ்யத்தை விட்டு எழவே இல்லை. பச்சை ஒயர் எர்த்தில் சேர்ந்திருந்து, சப்ளையும் முதல் வீட்டிலேயே இருந்திருந்தால், பையன் தொடுவதற்கு முன்பே ஆர்.சி.சி.பி துண்டித்திருக்கும்.

பாலித்தீன் பைகளைத் திறந்து பார்த்தோம். ஏழில் நான்கில் தண்ணீர். பை மழையை உள்ளே விடாமல் தடுப்பதைவிட, உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைப்பதில்தான் கெட்டி.

ஃப்யூஸ் ஏன் போகவில்லை

அன்றிரவு மூன்று பேர் இதைக் கேட்டார்கள். ஃப்யூஸும் எம்.சி.பியும் (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்) ஒயரைக் காப்பவை. பத்து, பதினைந்து ஆம்பியர் தாண்டினால்தான் அவை அசையும். ஈர மண் வழியாகக் கசிவது அரை ஆம்பியர்கூட இருக்காது. அதை ஃப்யூஸ் ஒரு பல்பு எரிவதுபோல எடுத்துக்கொள்ளும். அந்த அரை ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும், மனிதனைக் கொல்ல.

ஆர்.சி.சி.பி வேறு மாதிரி. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பி வந்ததும் சமமா என்று மட்டும் அது பார்க்கிறது. குறைந்தால், எங்கேயோ வேறு வழியாக, ஒருவேளை ஓர் ஆள் உடம்பு வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று பொருள். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 விநாடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது அதன் தரவிதி. ஒரு ஆள் ஃபேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் பிடித்தால் மட்டும் அதற்குத் தெரியாது. மற்றபடி இதைவிட நல்ல காவலாளி கிடையாது. 18ஆம் தேதி இரவு அது விழுந்ததெல்லாம் சரியாகத்தான் விழுந்தது. மறுநாள் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தேன், ஒழுங்காக வேலை செய்தது.

எடுத்த முடிவுகள்

21ஆம் தேதி பங்குத்தந்தை வீட்டு முற்றத்தில் பேசினோம். போட்டி 23ஆம் தேதி. இளைஞர் தலைவர், கல்லூரியில் படிக்கும் தம்பி, முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார். மொத்தத்தையும் கழற்றிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். பையனின் அம்மாதான் "கழட்டணும்னு நான் சொல்லல ஃபாதர், இன்னொரு பிள்ளைக்கு அடிக்கக் கூடாது" என்றார். அதை வைத்துத்தான் மற்றதெல்லாம் முடிவானது.

பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் 230 வோல்ட் எதுவும் இருக்கக் கூடாது என்பது முதல் முடிவு. குடிலின் வெளிச்சம் முழுவதையும் 12 வோல்ட் எல்.இ.டி பட்டைக்கு மாற்றினோம். அடாப்டர் பக்கத்து வீட்டுக்குள், சுவரில். ஓடைக்கும் 12 வோல்ட் மோட்டார் வாங்கினோம். அருவி கொஞ்சம் மெலிந்தது. ஃபோகஸ் லைட் மூன்றும் போய்விட்டன.

சப்ளை மறுபடி முதல் வீட்டிலிருந்தே. ஆனால் வீட்டு ஆர்.சி.சி.பியைச் சாராமல், தனி ஐசொலேட்டரோடு (சப்ளையை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) சின்ன போர்டு ஒன்று அடித்து, அதில் இரண்டு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி வைத்தோம். குடிலுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று. ஏன் இரண்டு? ஒரு இடத்தில் கசிந்தால் எல்லாமே இருட்டாகும்போதுதான் ட்ரிப்பரை ஒதுக்கிவிடும் ஆசை வருகிறது. அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. ஒயர் 2.5 ச.மி.மீ. மூன்று இழை, எர்த்தோடு. பிளக்கெல்லாம் மூன்று முள்.

கடையில் ஒருவர் "நூறு மில்லி போடுங்க, மழைக்கு விழாது" என்று யோசனை சொன்னாராம். மறுத்துவிட்டேன். 100 மில்லி ஆம்பியர் தீ பிடிக்காமல் பார்ப்பதற்கு உதவும். ஆள் உயிருக்கு 30தான்.

62 செட்டை 24 ஆக்கினோம். ஒவ்வொன்றையும் மெக்கர் வைத்துப் பார்த்து, ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டியதைத் தூக்கிப் போட்டோம். ஜி.ஐ. கம்பிக்குப் பதில் நைலான் கயிறு, கட்டுக்கம்பிக்குப் பதில் பிளாஸ்டிக் டை. கேட்டு, கைப்பிடி, தகரம் எதிலும் சரம் தொடவில்லை. பாக்ஸ்களை ஆள் உயரத்துக்கு மேல் சுவரில், வாய் கீழ்நோக்கி மாட்டினோம். ஒயர் பாக்ஸுக்குள் நுழையும் முன் ஒரு சாண் கீழே தொங்கி மேலே ஏறும்படி விட்டோம். தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், உள்ளே ஓடாது.

மின்கம்பத்தில் கட்டிய கம்பியை நாங்கள் தொடவில்லை. வாரியத்துக்குச் சொல்லி, லைன்மேன் வந்து சப்ளையை நிறுத்தித்தான் அவிழ்த்தார். பையன்கள் மூங்கிலால் தட்டிவிடலாம் என்றார்கள். அந்தக் கம்பி மேலே போகும் திறந்த லைனுக்கு ஒரு முழம் கீழேதான் இருந்தது. தஞ்சாவூர் களிமேட்டில் 2022 ஏப்ரலில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். இதற்குப் பிறகு, 2025 மார்ச்சில், எங்கள் மாவட்டத்திலேயே இனயம்புத்தன்துறையில் தேவாலயத் திருவிழா வேலையின்போது இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு நான்கு பேர் போய்விட்டார்கள். மேலே கம்பி போகும் இடத்தில் ஆர்.சி.சி.பியும் காப்பாற்றாது, ரப்பர் செருப்பும் காப்பாற்றாது. விலகி நிற்பது ஒன்றுதான் வழி.

லைட் மாலை ஆறு முதல் பதினொன்று வரை மட்டும். மழை வந்தால் அணைப்பது. அதற்கு முறை வைத்து ஒரு நாளைக்கு ஒருவர்.

23ஆம் தேதி இரவு

நடுவர்கள் வந்து போன பிறகு திடீரென்று ஒரு மழை. ஒன்பதே முக்கால் மணிக்குத் தெரு ஆர்.சி.சி.பி விழுந்தது. குடில் எரிந்துகொண்டிருந்தது. நான் வீட்டில் இருந்தேன். தலைவர் தம்பி போன் பண்ணி "அண்ணா, விழுந்திருச்சு. தூக்கல. எல்லா பிளக்கையும் கழட்டிட்டோம். இப்ப என்ன?" என்றார். மழை நிற்கும்வரை காத்திருக்கச் சொன்னேன். நின்றதும், பிளக்கெல்லாம் வெளியே இருக்க ட்ரிப்பரைத் தூக்கி, பிறகு ஒவ்வொன்றாகச் செருகச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ட்ரிப்பரை இறக்கிவிட்டுத்தான் செருக வேண்டும் என்றும் சொன்னேன். ஐந்தாவது பாக்ஸைச் செருகித் தூக்கியதும் விழுந்தது. அந்தப் பாக்ஸின் மூடியில் ஒரு திருகு போடாமல் விட்டிருந்தார்கள், அது வழியாகத் தண்ணீர். அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எரியவிட்டார்கள். முக்கால் மணி நேர வேலை.

ஐந்து நாளுக்கு முன் முதல் வீட்டு ட்ரிப்பர் விழுந்தபோது நடந்ததையும் இன்று நடந்ததையும் நினைத்துப் பார்த்தேன். அன்றிரவு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

போட்டியில் பரிசு வரவில்லை. 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகும்போது தெரு எரிந்தது, முன்னைவிட மங்கலாகத்தான். யாரும் குறை சொல்லவில்லை. பையன் விரலில் கட்டோடு அப்பா தோளில் உட்கார்ந்து வந்தான்.

புது போர்டு, ஒயர், 12 வோல்ட் சாமான்கள் எல்லாம் சேர்த்து 9,300 ரூபாய் ஆனது. போர்டும் ஒயரும் பங்கு ஸ்டோர் ரூமில் இருக்கின்றன. 2024 கிறிஸ்துமஸுக்கு அதையே எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

இன்று செய்வதானால்

12ஆம் தேதி பைக்கை நிறுத்தியிருப்பேன். ஐந்து நிமிடம் போதும். நாம் கூப்பிடாமல் போய்ச் சொன்னால் என்ன நினைப்பார்கள் என்ற தயக்கம் எல்லாத் தொழில்காரருக்கும் உண்டு. இப்போது டிசம்பர் முதல் வாரமே மூன்று தெருக்களில் கேட்காமலே போய்ப் பார்க்கிறேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

முதல் வீட்டு எர்த் குழியின் எதிர்ப்பை நான் அளக்கவில்லை. என்னிடம் அப்போது எர்த் டெஸ்டர் இல்லை. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு நம்பிக்கையோடு விட்டேன். அது முறையான வேலை ஆகாது. பிறகு டெஸ்டர் வாங்கி அளந்தபோது குழி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்று எனக்கு அது தெரியாது.

20ஆம் தேதி இரவு நான் அந்த ஒரு தெருவோடு நின்றுவிட்டேன். அடுத்த தெருவிலும் அதே கடைச் செட்டுகள், அதே கட்டுக்கம்பி, அதே மழை. 22ஆம் தேதிதான் அங்கே போனேன். அங்கும் ஒரு தகரக் கூரையில் கசிவு இருந்தது. அந்த இரண்டு இரவும் அங்கே பிள்ளைகள் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பழைய ஓட்டு வீட்டுக்காரரிடம் பேசுவதையும் தள்ளிப்போட்டேன். சப்ளை கொடுத்து உதவிய மனிதர், குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று. அவரே பிப்ரவரியில் கூப்பிட்டார். ஃப்யூஸ் கட்டைகளைக் கழற்றிவிட்டு, எம்.சி.பியும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பியும் வைத்துக் கொடுத்தேன். மாட்டிய அன்றே அது விழுந்தது. தேடினோம். குளியலறை ஹீட்டரில் கசிவு.